ஜெயங்கொண்டத்தோடு நிற்கும் வண்டி

பெரம்பலூர்
13.2.2006

அன்புத் தங்கை அமிர்தவல்லிக்கு அண்ணன் சாமிதுரை எழுதுவது. நானும் உன் அண்ணி ஜானகியும் சுகம். அங்கே நீயும் ஜோதியும் மாப்பிள்ளை அறிவரசனும் நம் புவனேஸ்வரிக் குட்டியும் சுகமென்று நீ எழுதித்தான் எனக்கு நிம்மதி வரவேண்டும்.

போன் இருக்கும்போது லெட்டர் எதற்கு என்று ஜானகி சிரிக்கிறாள். முப்பத்திரண்டு வருஷம் கண்டக்டர் வேலை பார்த்து என்ஜின் சத்தத்தில் போன காது. போனில் நீ பேசினால் கிணற்றுக்குள்ளிருந்து யாரோ பேசுவது போல இருக்கிறது. எழுத்து என்றால் இரண்டு தடவை படித்துக்கொள்ளலாம்.

போன திங்கட்கிழமை திருச்சியில் வலது முட்டிக்கு ஆபரேஷன் முடிந்தது. தேய்ந்த மூட்டை எடுத்துவிட்டு உலோகத்தில் புதிது வைத்திருக்கிறார்கள். முன்பெல்லாம் ஒரு சாணுக்குக் கிழிப்பார்களாம். இது புது முறை. சின்ன வெட்டு, தசையை அறுக்காமல் ஒதுக்கிவிட்டு உள்ளே வேலை பார்க்கிறார்கள். தையல் ஆறு விரற்கடைதான்.

முதுகில் ஊசி போட்டதும் இடுப்புக்குக் கீழே நான் இல்லை. கண்ணை மூடிக்கிடந்தேன். எங்கேயோ சுத்தியல் தட்டும் சத்தம். டெப்போவில் வண்டிக்கு ஸ்பிரிங் பட்டை அடிக்கிறார்கள் என்று நினைத்தேன். அடித்து முடித்ததும் வண்டி கிளம்பியது. ஜன்னலுக்கு வெளியே ஒரே வெள்ளை வெளிச்சம். நான் "ரைட், ரைட்" என்று சொன்னேனாம். நர்ஸம்மா "எங்கய்யா போவுது வண்டி?"ன்னு கேட்டதற்கு "ஆண்டிமடம்" என்றேனாம். மறுநாளே வாக்கரைப் பிடித்து நடக்க வைத்துவிட்டார்கள்.

காதுகுத்து விஷயம். பங்குனியில் பேத்திக்கு ஏழாம் மாதம் என்றாய். ஜோதிக்குக் கூடப்பிறந்தவன் இல்லை. மணையில் சம்மணம் போட்டு, குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டியவன் நான்தான். ஜோதிக்குக் காது குத்தியதும் என் மடியில்தானே. ஒன்பதாம் மாதத்துக்குத் தள்ளிவை. அதற்குள் கால் மடங்கிவிடும்.

உன் அண்ணன்,
சாமிதுரை

*

ஆண்டிமடம்
24.2.2006

பாசமுள்ள அண்ணனுக்கு, தங்கை அமிர்தவல்லி கும்பிட்டு எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உங்கள் கடிதம் வந்து, படித்து, "ரைட் ரைட்" இடத்தில் ஜோதி சிரித்துச் சிரித்துப் புரையேறி, பிறகு இரண்டு பேருமே அழுதோம். மாரியாத்தா புண்ணியத்தில் நல்லபடி முடிந்தது.

நேரில் வந்து பார்க்க முடியவில்லை. முந்திரி பூத்து நிற்கிறது. குழந்தைக்கும் சளி. அண்ணி கோபித்துக்கொள்ள வேண்டாமென்று சொல்லுங்கள்.

ஒன்பதாம் மாதமே வைத்துக்கொள்ளலாம். நம் வழக்கத்தில் ஒற்றைப்படை மாதம்தானே கணக்கு. ஆனால் ஜோதியின் பெரியப்பா மகன் நடராசன், "மொறைப்படி பாத்தா நாந்தான் புள்ளைக்குத் தாய்மாமன், நான் உக்காந்துட்டுப் போறேன்"ன்னு இரண்டு பேரிடம் சொல்லியிருக்கிறான். முறையில் தப்பில்லை, நல்ல பையன்தான். ஜோதிதான் மாமா மடி தவிர வேறு மடி கிடையாது என்று நிற்கிறாள்.

பக்கத்து வீட்டுக் குஞ்சம்மாளுக்கும் முட்டிவலி. அவள் கேட்கச் சொன்னாள். ஊசி போடும்போது வலிக்குமா? முதல் தடவை எழுந்து நிற்கும்போது எப்படி இருந்தது? கொல்லைக்குப் போக என்ன செய்கிறீர்கள்? வெட்கப்படாமல் எழுதுங்கள், அவளிடம் மட்டும் சொல்கிறேன்.

தங்கை,
அமிர்தவல்லி

*

பெரம்பலூர்
9.3.2006

அன்புத் தங்கை அமிர்தத்துக்கு அண்ணனின் ஆசி. தையலைப் பிரித்துவிட்டார்கள். வாக்கரும் போய்க் கைத்தடி வந்துவிட்டது. உன் உடம்பைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் ஊராரைப் பற்றியே எழுதியிருக்கிறாய்.

குஞ்சம்மாளிடம் சொல். ஊசி எறும்பு கடிதான். முதலில் நிற்கும்போது கால் நம்முடையது இல்லை, இரவல் வாங்கியது போல இருக்கும். தையலுக்கு வெளிப்பக்கம் ஒரு உள்ளங்கை அளவு மரத்தே கிடக்கும், பயப்பட வேண்டாம். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில். கொல்லைக்கு, பிளாஸ்டிக் நாற்காலியில் நடுவே ஓட்டை அறுத்து வைத்திருக்கிறோம். நேற்று என்னைப் பார்க்க வந்த எதிர்வீட்டு அய்யம்பெருமாள், அதன் மேல் துண்டு கிடந்ததால் தெரியாமல் போய் உட்கார்ந்துவிட்டார். பாதி உள்ளே போன பிறகுதான் அவருக்கே புரிந்தது. குஞ்சம்மாளை நாற்காலியை மறைத்து வைக்கச் சொல்.

பாக்யலட்சுமி என்று ஒரு பெண் பயிற்சி கொடுக்க வருகிறது. பாகைமானி போல ஒன்றை முட்டியில் வைத்து எத்தனை டிகிரி மடங்குகிறது என்று பார்க்கும். நான் அதை நம் ரூட்டாக மாற்றிவிட்டேன். கால் நீட்டியிருந்தால் பெரம்பலூர். அறுபது டிகிரி பேரளி. தொண்ணூறு அரியலூர். நூற்றுப்பத்து ஜெயங்கொண்டம். சம்மணம் போட்டால் ஆண்டிமடம். அந்தப் பெண்ணும் இப்போது, "இன்னைக்கு அரியலூர் தாண்டிட்டிங்க சார்"ன்னு சொல்கிறது.

டாக்டரிடமும் சம்மணத்தைப் பற்றிக் கேட்டேன். சிரித்தார். பொறுமையாக இருக்க வேண்டுமாம்.

மதியத்தில் தூக்கமும் இல்லாத விழிப்பும் இல்லாத ஒரு நேரம் வருகிறது, அமிர்தம். அப்போது 12.40 வண்டி ஆண்டிமடம் வருகிறது. நீ சொம்பில் மோரோடு நிற்கிறாய். இரண்டு நிமிஷம். ஆட்கள் இறங்கி முடிவதற்குள் நான் மோரைக் குடித்துவிட்டு விசில் கொடுக்கவேண்டும். இருபது வருஷம் நாம் பேசிக்கொண்டதெல்லாம் அந்த இரண்டு நிமிஷத்தில்தானே.

அண்ணன்,
சாமிதுரை

*

ஆண்டிமடம்
2.4.2006

அண்ணனுக்கும் அண்ணிக்கும் அமிர்தவல்லியின் வணக்கம். பதில் போடத் தாமதம், மன்னிக்கவும். என் உடம்புக்கு ஒன்றுமில்லை. வயசுக்கேற்ற அலுப்பு, அவ்வளவுதான்.

முந்திரி விழ ஆரம்பித்துவிட்டது. தோப்பு முழுக்கப் பழவாசனை. இந்த வருஷம் பொறுக்குவதற்கு ஆள் விட்டுவிட்டேன். நான் வாசலில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, எல்லோரையும் அதட்டுவதோடு சரி. குழந்தை குப்புற விழுந்து, தவழ்ந்து, என் காலைப் பிடித்து எழுந்து நிற்கப் பார்க்கிறாள். காலைப் பிடித்தால் எனக்கு உயிர் போகிறது. சும்மா சொல்கிறேன், கூச்சம்.

குஞ்சம்மாள் மறுபடி கேட்கிறாள். இரண்டு முட்டியும் போயிருந்தால் ஒரே தடவையில் செய்வார்களா? மயக்கத்திலேயே போய்விட்டால்? அவள் பேத்தி சின்னது. ஆபரேஷன் செய்த பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடக்கலாமா? அதை மட்டுமாவது கேட்டு எழுதச் சொன்னாள்.

நடராசன் மணைக்குப் பலகையே செய்துவிட்டான், வேம்பில். வைகாசியில் நாள் பார்க்கட்டுமா?

தங்கை,
அமிர்தவல்லி

*

பெரம்பலூர்
11.4.2006

அமிர்தம்,

இதை உனக்கு அனுப்பப் போவதில்லை. என் பழைய டிக்கெட் பைக்குள் வைத்துவிடுவேன். அதனால் சுக விசாரிப்பு எதுவும் இல்லை.

டாக்டர் சொன்னது இதுதான். "கீழே சம்மணம் போட்டு உக்காரக் கூடாதுங்க. குந்தக் கூடாது. இப்ப மட்டும் இல்ல, எப்பவுமே." நான் திரும்பவும் கேட்டேன், ஒரே ஒரு நாள், அரை மணி நேரம், தங்கச்சி பேத்திக்குக் காதுகுத்து என்று. "நடக்குறதுக்குத்தான் இந்த மூட்டு வச்சிருக்கு, உக்காரதுக்கு நாற்காலி இருக்கு"ன்னு சொல்லிச் சிரித்தார். நல்ல மனிதர். அவருக்கு மணை தெரியாது.

தினமும் ஒரே கனவு. வண்டி நிறைய ஆட்கள். எல்லோரும் நமக்குத் தெரிந்தவர்கள். செத்துப்போன உன் வீட்டுக்காரர் வீரமுத்து கூட ஜன்னலோரம் உட்கார்ந்து வெற்றிலை போடுகிறார். பேரளி, அரியலூர் எல்லாம் பஞ்சு போலப் போகிறது. ஜெயங்கொண்டம் வந்ததும் டிரைவர் என்ஜினை அணைத்துவிடுகிறார். "வண்டி இதோட கட்டு, மேல போவாது, எறங்கு." நான் இரண்டு விசில் கொடுக்கிறேன். வண்டி நகரவில்லை. ஆண்டிமடத்தில் நீ மோர்ச் சொம்போடு நிற்பது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. விழித்தால் மதியம் மூன்று மணி, தலையணை நனைந்திருக்கிறது.

எனக்கும் ஜானகிக்கும் பிள்ளை இல்லை. யாரும் கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவேன். ஆனால் ஜோதிக்குக் காது குத்தியபோது, அவள் வலியில் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாளே, அந்தப் பிடிதான் என்னிடம் இருக்கும் ஒரே சொத்து. இன்னொரு தடவை வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அவ்வளவுதான்.

*

பெரம்பலூர்
15.4.2006

அன்புத் தங்கைக்கு ஆசிகள். புது வருஷம் நல்லபடி பிறந்தது. நான் நன்றாக இருக்கிறேன். ஜெயங்கொண்டம் வந்துவிட்டேன், நூற்றுப்பத்து.

வைகாசி வேண்டாம். பதினோராம் மாதம் பிறந்ததும், ஆனிக் கடைசியில் வைத்துக்கொள்வோம். இன்னும் கொஞ்சம் மடங்கட்டும்.

குஞ்சம்மாளுக்கு: ஒவ்வொன்றாகச் செய்துகொள்ளலாம். குழந்தையைத் தூக்கலாம், மூன்று மாதம் போன பிறகு. டாக்டரிடமே கேட்டுவிட்டேன். மயக்கத்தில் போய்விட மாட்டாள். அங்கே ஒரு பஸ் வரும், ஏறி உட்கார்ந்தால் போதும்.

நேற்று ஜானகி கேட்டாள். "ஆபரேசன் ஆயி ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. ஒங்க தங்கச்சி ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போவக் கூடாதா?" முந்திரி சீசன் என்றேன். ஆனால் எனக்குள்ளும் அதே கேள்விதான் இருக்கிறது, அமிர்தம். தப்பாக நினைக்காதே.

அண்ணன்,
சாமிதுரை

*

ஆண்டிமடம்
28.5.2006

அண்ணன் அவர்களுக்கு அமிர்தவல்லி எழுதுவது. ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன். நீங்கள் கேட்டதற்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் நாலு தாளைக் கிழித்தேன். வரக்கூடாது என்று இருந்தேனா? எனக்கு உங்களை விட்டால் யார்? இப்போதைக்கு இவ்வளவு மட்டும் நம்புங்கள்.

ஆனி இருபத்தைந்து, ஞாயிறு. மாரியம்மன் கோயில் வாசலில் பந்தல். இனி தேதி மாறாது, பன்னிரண்டாம் மாதம் ஆகாது. நீங்களும் அண்ணியும் காலை முதல் வண்டியில் வந்துவிடுங்கள். சம்மணத்தை நினைத்துக் காலை முறித்துக்கொள்ளாதீர்கள். சொல்வதைக் கேளுங்கள்.

வேறு ஒன்று. எனக்கும் ஜோதிக்கும் பந்தயம். உங்கள் பழைய வண்டியில் சீட்டு பச்சையா, காவியா? நான் பச்சை என்கிறேன். கண்டக்டர் சீட்டு எந்தப் பக்கம்? மறக்காமல் எழுதுங்கள்.

தங்கை,
அமிர்தவல்லி

*

பெரம்பலூர்
10.6.2006

அமிர்தத்துக்கு அண்ணன் எழுதுவது. ஜானகி சுகம். நான் சுகம் என்று எழுதினால் பொய்.

பந்தயத்தில் நீதான் ஜெயித்தாய். பச்சை ரெக்சின். பின்வாசலை ஒட்டி ஒற்றை சீட்டு. அதில் நான் உட்கார்ந்ததே குறைவு. வயிற்றுப் பிள்ளைக்காரியோ கைக்குழந்தைக்காரியோ தினமும் ஒருத்தி ஏறிவிடுவாள்.

முந்தாநாள் ஜானகி கடைக்குப் போயிருந்த நேரத்தில் தரையில் போர்வையை விரித்து உட்கார்ந்து பார்த்தேன். பாதி மடங்கியது. பிறகு ஏதோ பிடித்துக்கொண்டது. உட்காரவும் முடியவில்லை, எழவும் முடியவில்லை. பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தேன். ஜானகி திரும்பி வந்து, அவளும் அய்யம்பெருமாளும் தூக்கினார்கள். பாக்யலட்சுமி வந்து பார்த்து, "நல்ல வேளை, மூட்டுக்கு ஒண்ணும் ஆவல. இன்னொரு வாட்டி செஞ்சிங்கன்னா நான் வர மாட்டேன் சார்"ன்னு அழுதுவிட்டது.

டாக்டர் பொறுமையாக இருக்கச் சொன்னார் என்று எழுதினேனே, அப்படிச் சொல்லவில்லை. எப்போதுமே கூடாது என்றுதான் சொன்னார். பங்குனியில் எழுதி அனுப்பாமல் வைத்த கடிதத்தையும் இத்துடன் வைத்திருக்கிறேன். படித்துவிட்டுக் கிழித்துவிடு.

நடராசனே உட்காரட்டும். வேம்புப் பலகையும் அவன் செய்ததுதான். நான் பந்தல் ஓரமாக நிற்கிறேன். நின்று எனக்குப் பழக்கம்தான்.

சாமிதுரை

*

ஆண்டிமடம்
17.6.2006

அண்ணனுக்கு,

எல்லோரும் நலம். கடிதத்தைக் கிழிக்கவில்லை. கிழிக்கவும் மாட்டேன்.

மடி உங்களுடையதுதான். வாருங்கள்.

அமிர்தம்

*

பெரம்பலூர்
13.7.2006

என் அன்புத் தங்கை அமிர்தவல்லிக்கு அண்ணன் சாமிதுரை ஆசீர்வதித்து எழுதுவது. நாங்கள் பத்திரமாக வந்து சேர்ந்தோம். குழந்தை காதுக்கு மஞ்சளும் எண்ணெயும் வைக்கிறீர்களா? சீழ் வைக்காமல் பார்த்துக்கொள்.

உனக்குத் தெரிந்ததைத்தான் எழுதப் போகிறேன். ஆனாலும் என் பக்கத்திலிருந்து ஒரு தடவை கேள்.

அன்று காலை ஜெயங்கொண்டத்தில் வண்டி நின்றதும் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். டிரைவர் டீ குடித்துவிட்டு வந்து ஏறினார். கண்டக்டர் பையன் இரண்டு விசில் கொடுத்தான். வண்டி நகர்ந்தது. கனவில் ஒரு நாளும் பார்க்காத அந்தச் சாலையை வாயைத் திறந்துகொண்டு பார்த்தேன். ரெண்டு பக்கமும் முந்திரித் தோப்பு, வெயில் இன்னும் ஏறவில்லை. ஜானகி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நிறுத்தத்தில் சொம்போடு ஜோதி நின்றாள். நீ இல்லை. மோரை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டு உன்னைத் தேடினேன். எதிரே குஞ்சம்மாள் தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று வந்தாள். "முட்டி எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டேன். "எனக்கென்னண்ணே கேடு, கல்லு மாதிரி இருக்கேன். ஒங்க தங்கச்சிதான் பாவம், செவத்தப் புடிச்சிக்கிட்டு நடக்குது"ன்னு சொல்லிவிட்டுப் போனாள். நீ ஏன் என்னைப் பார்க்க வரவில்லை என்று ஐந்து மாதமாக நான் வைத்திருந்த கோபமெல்லாம் என் முகத்திலேயே அறைந்தது.

பிறகு நீ வந்தாய். பந்தல் காலைப் பிடித்து, இரண்டு பக்கமும் சாய்ந்து சாய்ந்து. ஒருவர் நடந்து வருவதைப் பார்த்தே, இவருக்குப் படியில் கைகொடுக்க வேண்டுமா என்று சொல்லிவிடுவேன் நான். உன் விஷயத்தில் மட்டும் எழுத்தைப் பார்த்து ஏமாந்துவிட்டேன்.

பந்தல் நடுவே அந்த சீட்டு. பச்சை ரெக்சின், ஒற்றை சீட்டு. மாப்பிள்ளை அறிவரசன் தன் பட்டறைக்குப் பக்கத்தில் உடைத்த வண்டியிலிருந்து எடுத்து, கால் வைத்து, துடைத்து, மாவிலை கட்டியிருந்தார். நீ தஞ்சாவூரில் டாக்டரிடம் உன் முட்டியைக் காட்டியபோதே எனக்குத் தரை கூடாது என்பது உனக்குத் தெரிந்துவிட்டதாம். என் பொய் உனக்கு வைகாசியிலேயே தெரியும். உன் பொய்தான் எனக்கு ஆனி இருபத்தைந்து வரை தெரியவில்லை.

மாப்பிள்ளையின் பெரியப்பா கொளஞ்சியப்பன் கேட்டார் பார், "மணையில உக்காராம பஸ் சீட்டுல உக்காந்தா மொறையாயிடுமா?"ன்னு. நான் எழுந்துவிடப் பார்த்தேன். அப்போது நீ சொன்னது என் மந்தக் காதிலும் விழுந்தது.

"முப்பத்திரண்டு வருசம் எங்கண்ணன் இந்தச் சீட்டுல ஊராரை உக்கார வச்சிட்டு நின்னுக்கிட்டே வந்தாரு. இன்னைக்கு ஒரு நாளு அவரு உக்காரட்டும். மொறை அப்பறம் எங்கூட வந்து பேசட்டும்."

நடராசன்தான் முதலில் சிரித்தான். தன் வேம்புப் பலகையை எடுத்து வந்து என் பாதத்துக்குக் கீழே வைத்தான். "மணையும் ஆச்சு, சீட்டும் ஆச்சு மாமா." அந்தப் பையனைப் பற்றி நான் மனதில் நினைத்ததற்கெல்லாம் வெட்கப்பட்டேன்.

நம் அப்பா கூலிவேலைக்குப் போன இடத்தில் யார் முன்னாலும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அது அப்போது ஏனோ நினைவுக்கு வந்தது.

ஊசி ஏறியதும் குழந்தை கத்தினாள். என் சட்டையை இரண்டு கையாலும் கொத்தாகப் பிடித்தாள். அதே பிடி, அமிர்தம். இரண்டாவது காதும் முடிந்து, அழுது ஓய்ந்து, அப்படியே தூங்கிவிட்டாள். பந்தலுக்குள் வெளிச்சம் அசைந்துகொண்டிருந்தது. வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது என்றே நினைத்தேன். என்னை யாரும் எழுப்பவில்லை. அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேனாம்.

இப்போது குஞ்சம்மாளுக்கு ஒரு செய்தி. திருச்சி டாக்டரைப் பார்த்துவிட்டேன். ஆடி கழியட்டும் என்பாள் என்று தெரியும். ஆவணி ஐந்து, திங்கட்கிழமை. முதலில் இடது முட்டி. முடிந்ததும் இங்கே பெரம்பலூரில்தான் அவள் இருக்கப்போகிறாள். பாக்யலட்சுமி வரும். ஓட்டை நாற்காலி தயார். ஜானகி அறையை வெள்ளையடிக்கச் சொல்லிவிட்டாள். தஞ்சாவூர் டாக்டர் தேதி கொடுத்தும் பயந்து ஓடி வந்துவிட்டாளாமே, ஜோதி சொன்னாள். பேத்தி நடக்கப் பழகுகிறாள், பின்னால் ஓட யாராவது வேண்டாமா?

உன் அண்ணன்,
சாமிதுரை

*

ஆண்டிமடம்
25.7.2006

என் அண்ணன் அவர்களுக்கு அமிர்தவல்லி வணங்கி எழுதுவது.

குழந்தை காது ஆறிவிட்டது. நேற்று மூன்று எட்டு வைத்து நான் இருக்கும் பக்கம் வந்தாள். நான் கையை நீட்டினேன், எழுந்து போக முடியவில்லை. விழுந்துவிட்டாள். இரண்டு பேரும் அழுதோம். அப்போதுதான் முடிவு செய்தேன்.

பயமாகத்தான் இருக்கிறது, அண்ணே. அந்தச் சுத்தியல் சத்தத்தை நினைத்தாலே இரண்டு காதையும் பொத்திக்கொள்கிறேன். நீங்கள் பக்கத்தில் இருந்தால் "ரைட்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், அது போதும்.

ஆவணி மூன்றாம் தேதி சனிக்கிழமை இங்கிருந்து 12.40க்குப் புறப்படும் வண்டியில் வருகிறேன். அறிவரசன் ஏற்றிவிடுவார், ஜோதி கூட வருவாள். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் நீங்கள் நிற்க வேண்டும். உங்கள் புதுக் காலில். ஒரு சொம்பு மோரோடு.

குஞ்சம்மாள் வரவில்லையாம். நான் மட்டும்தான்.

தங்கை,
அமிர்தவல்லி